அத்திப்பள்ளியிலிருந்து அணைத்த மெஷின்

1. ராயக்கோட்டைக்கு எதிர்த் திசை

பஸ் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி நின்றபோது என் செல்போன் அடித்தது. கம்பெனி நம்பர். மணி ஒன்பது பத்து. எடுப்பதா வேண்டாமா என்று நாலு ரிங் யோசித்தேன்.

அன்றைக்கு நான் லீவ். ராயக்கோட்டையில் நாத்தனாருக்கு வளைகாப்பு என்று லெட்டரில் எழுதியிருந்தேன். ராயக்கோட்டை ஓசூருக்குத் தெற்கே. நான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் சர்டிஃபிகேட்டுகள். பத்தரைக்கு பெங்களூரில் லினக்ஸ் அட்மின் வேலைக்கு இன்டர்வியூ. எட்டு மாதம் ஒளித்து ஒளித்துப் படித்தது அந்த ஒரு காலைக்காக.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறில். ஓசூர் சிப்காட்டில் கியர் ஷாஃப்ட் செய்யும் கம்பெனியில் இ.டி.பி. பிரிவில் இருந்தேன். அந்நாளில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அதுதான் பெயர். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். முப்பது கம்ப்யூட்டர், ஒரு சர்வர், எட்டு பிரிண்டர், அத்தனைக்கும் நான்.

போனை எடுத்தேன். டெஸ்பாட்ச் முனிரத்தினம். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, லாரி டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம்.

"மேடம், வளைகாப்பு ஆயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல. சொல்லுங்க."

"இங்க பாதி சிஸ்டம் படுத்துக்கிச்சுங்க மேடம். சர்வரைக் காணோங்குது. மீதி பாதி நல்லா இருக்குது. என்னோடது படுத்த பாதி. இன்வாய்ஸ் அடிக்க முடியல. ரெண்டு வண்டி லோடு ஏத்தி கேட்ல நிக்குது."

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"மூணு தடவ பண்ணிட்டேன். நாலாவது தடவ பண்ணா அது என்னைத் திட்டும்."

எங்கள் ஷாஃப்ட் பத்தரைக்குள் கஸ்டமர் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஸ்டாக் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வந்து இறங்குவது நேராக லைனுக்குப் போகும். வராவிட்டால் லைன் நிற்கும். கையால் எழுதிய இன்வாய்ஸைக் கொண்டுபோனால் அவர்கள் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டரின் ஐ.பி. நம்பரைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். எங்கள் கம்பெனி நம்பர்கள் எல்லாம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பிக்கும்.

"பத்து, புள்ளி, பத்து, புள்ளி, பத்து, புள்ளி, இருபத்தி மூணு."

பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பத்து பத்து பத்து. அந்த நம்பரை எங்கள் கம்பெனியில் நான் ஒருத்திதான் தேர்ந்தெடுத்திருந்தேன். என் மேஜையில், என் கம்ப்யூட்டருக்குள், யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்காக.

"மேடம்? இருக்கீங்களா?" என்றார் முனிரத்தினம். கர்நாடகா எல்லைக்குள் ரோமிங். பேலன்ஸ் தீர்ந்து போன் செத்தது.

2. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எம்.பி. உலகம்

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் விர்ச்சுவல் மெஷினைப் பார்த்து அதிசயப்பட மாட்டார்கள். எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது.

லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுக்க முடியாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. டிஸ்க்கைப் பாதியாகப் பிரித்து இரண்டையும் போடலாம் என்று ஒருமுறை ஆரம்பித்து, அக்கவுன்ட்ஸ் பேக்கப் இருந்த பகுதியை அழிக்கும் விளிம்புவரை போய், வியர்த்து, நிறுத்திவிட்டேன். அப்போதுதான் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் கிடைத்தது. விண்டோஸ் பாட்டுக்கு விண்டோஸாக இருக்கும். அதற்குள் ஒரு ஜன்னல் திறக்கும். ஜன்னலுக்குள் லினக்ஸ் பூட் ஆகும்.

ஸ்க்ராப்புக்குப் போன மெஷினிலிருந்து ஒரு ராம் மெமரி கழற்றி என்னுடையதில் செருகினேன். மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி. அதில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டை உள்ளே இருப்பதற்குக் கொடுத்தேன். அந்த உள் மெஷின் கண் விழித்ததும் தன் மெமரியை எண்ணும். நான் கொடுத்ததுதான் அதற்கு மொத்த உலகம். வெளியே ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. தனக்கு சொந்த டிஸ்க், சொந்த நெட்வொர்க் கார்டு, சொந்தக் கடிகாரம் இருப்பதாக நம்பி வேலை செய்யும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அதன் முன் உட்காருவேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிபன் பாக்ஸ் ஆறும். அந்த அரை மணி நேரம் நான் ஓசூரில் இருக்க மாட்டேன்.

ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். காலை ஏழு மணிக்குப் பால் வாங்க வெளியே வந்தால் பெங்களூர் கம்பெனி பஸ்கள் வெள்ளை வெள்ளையாகப் போகும். கழுத்தில் ஐ.டி. கார்டு, காதில் ஒயர், கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் முகங்கள். நான் சாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஆயிரம் மைல் தாண்டி இருந்தால் ஏங்கியிருக்க மாட்டேன். நாற்பது கிலோமீட்டர். அந்தத் தூரம் ஆளைத் தூங்க விடாத தூரம். என் ஆசைக்கு வீட்டில் இடமில்லை என்று சொல்ல முடியாது; என் வீட்டுக்காரர் வேறொரு ஃபேக்டரியில் ஷிப்ட், அவருக்குக் கேட்க நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆபீசில் சொன்னால் 'போகப் போகிறவள்' என்று முத்திரை விழும். அதனால் அந்த ஆசையை ஜன்னலுக்குள் வைத்தேன். சாயங்காலம் அப்படியே உறைய வைத்து மூடுவேன். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்டர்வியூவில் டி.ஹெச்.சி.பி. கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஆன் ஆகும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள்" என்று நெட்வொர்க்கில் பொதுவாகக் கூவும். நம்பர் கொடுக்கிற வேலைக்குத்தான் டி.ஹெச்.சி.பி. என்று பெயர். எங்கள் கம்பெனியில் அது சர்வரின் வேலை. புத்தகத்தைப் பார்த்து என் உள் மெஷினுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தேன். பத்து பத்து பத்து என்று நம்பர் வைத்தேன். கேட்க அங்கே யாரும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக நின்று கடை விரிப்பது மாதிரி.

முந்தைய நாள் சாயங்காலம் ஒரு லினக்ஸ் பேக்கேஜ் டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக உள் மெஷினின் நெட்வொர்க்கை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினேன். அப்படி மாற்றினால் அது ஜன்னலை விட்டு வெளியே வந்து, கம்பெனி நெட்வொர்க்கில் தனி மெஷினாக நிற்கும். டவுன்லோட் முடிய நேரமாகும் என்று மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் கட்டிக்கொள்ள வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது.

காலை எட்டு மணிக்கு முப்பது கம்ப்யூட்டரும் கண் விழித்துக் கூவின. என் உள் மெஷின் எட்டு மாதமாகக் காத்திருந்தது. சர்வரை முந்திக்கொண்டு பாதிப் பேருக்கு நம்பர் கொடுத்துவிட்டது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி சர்வரைத் தேடினால் கிடைக்காது.

3. எந்தப் பக்கம் சாய்ஞ்ச கோடு

பஸ் கிளம்ப கண்டக்டர் விசில் கொடுத்தார். இறங்கினேன். இறங்கும்போது பெரிய முடிவு எதையும் எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாலையோரம் ஒரு எஸ்.டி.டி. பூத்.

கம்பெனி ஆபரேட்டர் லைனை என் ரூமுக்குத் தள்ளினாள். முனிரத்தினத்தை அங்கே ஓடி வரச் சொன்னேன். மூச்சு வாங்கினார்.

"மேடம், உங்க சிஸ்டம் ஆஃப்ல இருக்குது."

"மானிட்டர்தான் ஆஃப். ஆன் பண்ணுங்க." பாஸ்வேர்டு சொன்னேன்.

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"மேடம்… உங்க கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுதுங்க."

"தெரியும்."

"யாரோ உள்ள பூந்துட்டாங்களா?"

"நான்தான் பூந்தேன். அந்த உள்ள இருக்கிறத அணைக்கணும்."

"உள்ள இருக்கிறதையா, வெளிய இருக்கிறதையா?"

"உள்ள இருக்கிறத. வெளிய இருக்கிறதத் தொட்டுடாதீங்க, அதுல ஸ்டோர்ஸ் ரிப்போர்ட் திறந்து கிடக்கு."

"மவுஸ் உள்ளயே மாட்டிக்கிச்சு மேடம். ஜன்னல விட்டு வெளிய வரமாட்டேங்குது."

"கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து அழுத்துங்க. வெளிய விடும்."

"அட, விட்டுருச்சு." பிறகு எதையோ எழுத்துக் கூட்டி வாய்க்குள் படித்தார். உள் திரையில் நான் என்ன திறந்து வைத்துவிட்டு வந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்டர்வியூ மெயில். கம்பெனி பெயர், தேதி, நேரம், என் பெயர்.

"மேடம்."

"சொல்லுங்க."

"வளைகாப்பு பெங்களூர்ல வெச்சிருக்காங்களா?"

பூத்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. "முனிரத்தினம், மேல பவர் ஆஃப்னு சிவப்பா ஒரு பட்டன் இருக்கும்."

"இருக்குது."

"அமுக்குங்க."

"அமுக்குனா நீங்க படிச்சதெல்லாம் போயிருமா மேடம்?"

அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டில் வண்டி நிற்கும்போது, டிரைவர் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதர் பட்டன் மேல் விரல் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். "போகாது, அமுக்குங்க" என்றேன். உண்மையில் எது போகும், எது இருக்கும் என்று எனக்கே தெரியாது.

அணைத்தார். ஆனால் வாங்கிய நம்பரை அந்தந்த கம்ப்யூட்டர் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கும். அதை விடச் சொல்லி, புதிது வாங்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி டைப் செய்ய வேண்டும். முதலில் டெஸ்பாட்ச். லைனை அங்கே மாற்றச் சொன்னேன். இடையில் கட் ஆகி மறுபடி போட்டேன். வெளியே பஸ்கள் வந்து நின்று போயின. மூன்று வரை எண்ணினேன். அப்புறம் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"ஐபிகான்ஃபிக், ஒரு இடம் விட்டு, சாய்ஞ்ச கோடு, ரிலீஸ்."

"எந்தப் பக்கம் சாய்ஞ்ச கோடு?"

"கொஸ்டின் மார்க் இருக்கிற கீ."

"கொஸ்டின் மார்க்தான் வருது."

"ஷிப்ட்ட விடுங்க!"

"விட்டேன், விட்டேன், திட்டாதீங்க. ஏய், இரி இரி, ஐது நிமிஷா!" கடைசியில் சொன்னது ஜன்னல் வழியாக டிரைவருக்கு, கன்னடத்தில். ஐந்து நிமிஷத்தை அவர் அரை மணி நேரமாக மூன்று மொழியில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அதே மாதிரி, ரிலீசுக்குப் பதிலா ரின்யூ."

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுனு வந்துருச்சு மேடம்!"

"இன்வாய்ஸ் போடுங்க. போனை வெக்காதீங்க."

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடும் சத்தம் போன் வழியாக வந்தது. ஆபீசில் அந்த இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொள்வேன். அன்று அத்திப்பள்ளி பூத்தில் நாலு காப்பியும் கிழிபடும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். மணி பத்து ஐந்து. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அதே இரண்டு வரியை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"எழுதிட்டேன். மேடம், நீங்க கிளம்புங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

4. கண்ணாடிக் கதவு வரைக்கும்

கிளம்பினேன். திரும்பிப் போயிருக்கலாம். நேரத்தோடு போய்ச் சேர முடியாது என்று பொம்மனஹள்ளி டிராஃபிக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு அந்தக் கட்டடத்தின் முன் நின்றேன். ரிஜிஸ்டரில் பெயர் எழுதினேன். மேலேயிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். நல்லவிதமாகத்தான் பேசினாள். பேனல் மீட்டிங்குக்குப் போய்விட்டது, காலையில் ஒரு போன் செய்திருக்கலாமே என்றாள். காலை முழுதும் போனில்தான் இருந்தேன் என்று சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, தானாக மூடியது. உள்ளே போகாமலே அந்தக் கட்டடத்தின் ஏ.சி. காற்று இரண்டு தடவை என் மேல் பட்டது.

5. ஐந்து ஏன்

மறுநாள் காலை சிவராமன் சார் கூப்பிட்டார். அக்கவுன்ட்ஸ் மேனேஜர், சேலத்துக்காரர். இ.டி.பி. அவருக்குக் கீழ்தான்.

"ஏம்மா, லீவுல இருந்தும் போன்லயே சரி பண்ணிக் குடுத்தியாமே. முனிரத்தினம் சொன்னான். நல்ல காரியம்." பாராட்டினார். எனக்கு உட்காரவே முடியவில்லை.

வண்டி போய்ச் சேர்ந்தது பத்து நாற்பதுக்கு. கஸ்டமர் லைன் பத்து நிமிஷம் நின்றிருக்கிறது. அதற்கு விளக்கம் கேட்டு ஃபேக்ஸ் வந்திருந்தது. கூடவே வை-வை படிவம். ஆட்டோ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: தப்பு நடந்தால் ஒரு தாளில் ஐந்து கட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'ஏன்' என்று கேட்டு, அந்தப் பதிலுக்கு மறுபடி 'ஏன்' கேட்டு, ஐந்தாவதில் வேரைப் பிடிக்க வேண்டும். ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால் எழுதுவது.

"நெட்வொர்க் ஸ்விட்ச் பழுதுன்னு சர்வீஸ்காரன் சொல்றான். புதுசுக்குக் கொட்டேஷனும் அனுப்பிட்டான். அதையே எழுதி முடிச்சிரலாமா?" என்று பேனாவைத் திறந்தார்.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். முனிரத்தினம் வாயைத் திறக்க மாட்டார். என் ஆசையும் என் வேலையும் இரண்டும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் நல்லா இருக்கிற ஸ்விட்ச்சைக் கழற்றி ஸ்க்ராப்பில் போட என் கையால்தான் கழற்ற வேண்டும். அதை நினைத்தபோது கை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஸ்விட்ச் நல்லா இருக்கு சார்."

"அப்ப? இன்வாய்ஸ் ஏன் லேட்டு?"

"சர்வர் கிடைக்கல."

எழுதினார். "ஏன் கிடைக்கல?"

"தப்பான நம்பர்."

"ஏன் தப்பான நம்பர்?"

"வேற ஒரு மெஷின் குடுத்திருச்சு சார்."

"எந்த மெஷின்? அஸெட் லிஸ்ட்ல இருக்கா?"

"இல்ல சார். என் மெஷினுக்குள்ள இருக்கு."

அவர் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். "வளைகாப்புக்குப் போய் வந்தவ, வயித்துக்குள்ள புள்ளங்கிற மாதிரி பேசுறியேம்மா. மெஷினுக்குள்ள மெஷினா?" விளக்கினேன். பாதி புரிந்ததா என்று தெரியவில்லை. நாலாவது கட்டத்துக்கு வந்தார். "சரி. அது அங்க ஏன் இருக்கு?"

"லினக்ஸ் படிக்கிறேன் சார்."

"ஏன் படிக்கிற?"

ஐந்தாவது கட்டம். இந்தக் கேள்வியை எட்டு மாதமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. ஷாஃப்ட்டுக்கான தாள் கேட்டது.

"பெங்களூர் போகணும் சார். நேத்து இன்டர்வியூ. ராயக்கோட்டைல யாருக்கும் வளைகாப்பு இல்ல."

திட்டுவார், மெமோ கொடுப்பார், எதுவானாலும் சரி என்று நின்றேன்.

"போனியா?"

"லேட்டாயிடுச்சு. விடல சார்."

"எங்க இருந்து போன் பண்ண?"

"அத்திப்பள்ளி பூத்துல இருந்து."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஐந்தாவது கட்டத்தில் இங்கிலீஷில் எழுதினார்: 'பயிற்சிக்குத் தனி மெஷின் வழங்கப்படவில்லை.' திருத்த நடவடிக்கை என்ற இடத்தில்: 'நெட்வொர்க்கில் இணைக்காத மெஷின் ஒன்று உடனே வழங்கப்படும்.' தேதி போட்டு, பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

"இத கஸ்டமருக்கு அனுப்பப் போறீங்களா சார்?"

"பின்ன? உண்மைதான? போக ஆசப்படுறவள நான் புடிச்சு வெக்க முடியாது. ஆனா போறப்ப கதவச் சாத்திட்டுப் போகணும். அடுத்த தடவ லெட்டர்ல பெங்களூர்னே எழுது. கையெழுத்துப் போடறேன். நாத்தனாரைச் சும்மா சும்மா இழுக்காத." கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொண்ணுக்கு நெசமாவே கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

"இல்ல சார். பி.காம். ரெண்டாவது வருஷம்."

அப்போதுதான் சிரித்தார்.

6. பெயர் வைத்தல்

எனக்கு ஒரு பழைய மெஷின் கிடைத்தது. நெட்வொர்க் ஒயர் இல்லாமல், மூலையில். லினக்ஸை நிஜமாகவே, முழு டிஸ்க்கிலும் போட்டேன். வேகமாக ஓடியது. ஒளிக்க வேண்டியதில்லை. வினோதம் என்னவென்றால், அதன் முன் உட்கார்ந்தால் ஓசூரில்தான் இருந்தேன். மெதுவான அந்த ஜன்னலுக்கு ஏங்கினேன்.

'பெங்களூரு, வேலை நேர்காணல்' என்று எழுதிய லீவ் லெட்டர்கள் அடுத்த வருஷத்தில் மூன்று. மூன்றிலும் சிவராமன் சாரின் கையெழுத்து. ஒரு இன்டர்வியூவில், டி.ஹெச்.சி.பி. சர்வரை நிஜமான நெட்வொர்க்கில் நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "ஒரு காலை முழுதும் நடத்தினேன், பதினைந்து கம்ப்யூட்டருக்கு, நான் ஊரில் இல்லாதபோது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எடுக்கவில்லை. அதன்பின் பொருளாதார மந்தம் வந்தது, பெங்களூரில் ஆள் எடுப்பது நின்றது. பிறகு என் மகள் பிறந்தாள். எது எதனால் என்று கேட்டால் அதற்கு ஐந்து கட்டம் போதாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம். பயிற்சி மெஷினுக்கு பிரிட்ஜ் போட்டால், எழுந்து போகும் முன் எடுத்துவிடுங்கள். மானிட்டரை அணைப்பது மெஷினை அணைப்பது ஆகாது. எதைக் கற்கிறீர்கள், எதற்காக என்பதை ஆபீசில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். மறைத்து வைத்தால் அது உள்ளேயே இருக்கும் என்று நம்பினேன். என் அனுபவத்தில் அது இருக்காது. ஒருநாள் காலை எட்டு மணிக்கு அது வெளியே வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கம்பெனி ஒரு பெரிய சர்வர் வாங்கியது. சின்னச் சின்ன மெஷின்களை எடுத்துவிட்டு, அவற்றின் வேலையை அந்த ஒன்றுக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும் என்று சிவராமன் சார் ஹெட் ஆபீசில் அடித்துச் சொன்னார். ஐந்து மெஷின் உண்டாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கேட்டது. ஸ்டோர்ஸ், பேரோல் என்று வைப்பதுதான் வழக்கம். நான் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போகும் வழியில் வரும் ஸ்டாப்புகளின் பெயரை, சந்தாபுரா, ஹெப்பகோடி, பொம்மனஹள்ளி, மடிவாளா என்று வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டெஸ்பாட்ச்சுக்குக் கொடுத்ததற்கு, எந்நேரமும் டிராஃபிக் நகராத அந்தச் சந்திப்பின் பெயர், சில்க்போர்டு.

ஒருநாள் மதியம் இன்டர்காம் அடித்தது. முனிரத்தினம்.

"மேடம், சில்க்போர்டு ரொம்ப ஸ்லோ."

"அது எப்பவும் அப்படித்தான்."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"அங்க நீங்க போயிருக்கீங்களா மேடம்?"

"போயிருக்கேன் முனிரத்தினம். நாலு தடவ. இறங்கினதில்ல."